ஹெட்லைட்டுக்குள் ஈரம்: விற்கிற பொருள்களில் எது உதவும், எது வீண்

கம்பெனி விளக்கைக் கழற்றிவிட்டு வெளிச்சந்தை விளக்கு மாட்டிய வண்டிகளில், முதல் மழைக்கே கண்ணாடிக்குள் நீர் கோத்துக்கொள்வது புதிதல்ல. இதற்கென்றே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை, மூச்சுத் துளையின் மேல் ஒட்டும் வென்ட் ஸ்டிக்கர், கண்ணாடியைப் பாடியோடு ஒட்டும் பியூட்டைல் கயிறு, சிலிக்கான் ட்யூப், ரப்பர் மூச்சுக்குழாய் என்று ஒரு கடையே விரிகிறது. அவற்றில் நம்பிக் காசு கொடுக்கத் தக்கவை இரண்டு: நல்ல வென்ட், நல்ல பியூட்டைல் கயிறு. சிலிக்கா ஜெல் விளக்குக்கு வெளியே இருந்தால் அருமையான பொருள், உள்ளே போட்டால் பெரும்பாலும் வீண். மற்றவை எல்லாம் இடத்தைப் பொறுத்தவை. எதை வாங்குவதற்கு முன்னும் உள்ளே தெரிவது பனியா, வெளியிலிருந்து புகுந்த தண்ணீரா என்று பிரித்துவிட வேண்டும். அதைப் பிரிக்காமல் வாங்கினால் எல்லாப் பொருளும் வீட்டுக்கு வந்துவிடும், ஈரம் மட்டும் போகாது.

பனியா, கசிவா?

5 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு ஹெட்லைட்டை எடுத்துக்கொள்வோம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். ஈரப்பதம் 80 சதவீதமாக உள்ள 30 டிகிரிக் காற்று அந்த விளக்குக்குள் நிரம்பியிருந்தால், உள்ளே இருக்கும் மொத்த நீராவி 0.12 கிராம். இரவில் அது 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 0.035 கிராம் அளவு கண்ணாடியில் படியும். ஒரு சொட்டுத் தண்ணீரே ஏறத்தாழ 0.05 கிராம். ஆக, படிவது ஒரு சொட்டுக்கும் குறைவு. கண்ணாடி முழுக்க மெல்லிய மூட்டமாகப் பரவ அது போதும். வழிந்து ஓடப் போதவே போதாது.

பிளாஸ்டிக்கும் தன் பங்குக்கு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மெக்கானிக்குகள் கண்ணாடி என்று சொன்னாலும் ஹெட்லைட்டின் முன்பக்கம் பாலிகார்பனேட்தான். அது சாதாரண அறைக் காற்றிலேயே தன் எடையில் சுமார் 0.15 சதவீத ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அரைக் கிலோ கண்ணாடி என்றால் முக்கால் கிராம். உள்ளே அடைபட்ட காற்றில் இருப்பதைப் போல ஆறு மடங்கு. மெதுவாகத்தான் வெளிவரும் என்பதால் இதுவும் குளம் கட்டாது. ஆனால் பத்து நிமிடம் ஹேர் டிரையர் காட்டிப் பளிச்சென்று ஆக்கிய விளக்கு மறுநாள் காலையில் திரும்ப மங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காற்று உலர்ந்தது, பிளாஸ்டிக் உலரவில்லை.

ஆகவே, ஓரத்தில் மெல்லிய மூட்டம், விளக்கைப் போட்டு ஓட்டினால் அரை மணி அல்லது ஒரு மணி நேரத்தில் மறைகிறது என்றால் அதை விட்டுவிடலாம். புது வண்டிகளின் கையேடுகளே இதை இயல்பு என்றுதான் சொல்கின்றன. கண்ணாடியின் உட்புறம் சொட்டுகள் திரண்டு கோடாக வழிந்திருந்தாலோ, அடியில் தண்ணீர் அசைவது தெரிந்தாலோ, உள்ளிருக்கும் ஸ்க்ரூ தலையில் துரு பிடித்திருந்தாலோ சந்தேகமே வேண்டாம், கசிவு. இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு: சொட்டு இல்லை, ஆனால் மூட்டம் நாள் முழுக்கப் போவதில்லை. அது பெரும்பாலும் மூச்சுத் துளை அடைப்பு, அல்லது அந்த விளக்கில் மூச்சுத் துளையே இல்லை.

மூச்சு என்று சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. 25 டிகிரியில் இருந்த 5 லிட்டர் காற்று 85 டிகிரிக்குச் சூடானால் 6 லிட்டர் இடம் கேட்கும். மிகுதி வெளியே போயாக வேண்டும். விளக்கை அணைத்துக் குளிரும்போது கிட்டத்தட்ட 0.8 லிட்டர் காற்று வெளியிலிருந்து உள்ளே இழுக்கப்படும். முறையான வென்ட் வழியாக வந்தால் அது வெறும் காற்று. வென்ட் அடைபட்டு, சீல் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருந்து, அந்த விரிசலின் மேல் மழைநீர் நின்றுகொண்டிருந்தால், உள்ளே இழுக்கப்படுவது தண்ணீர். ராத்திரி ஓட்டி வந்த சூட்டோடு வாட்டர் வாஷ் விட்டால் ஈரம் புகுவதும் இப்படித்தான். பல விளக்குகளின் கசிவு, முழுக்க சீல் பண்ணிவிட்டோம் என்ற நம்பிக்கையில் மூச்சுத் துளையையும் சேர்த்து அடைத்ததால் வந்த வினை.

கசிவைக் கண்டுபிடிக்க

இதற்கு எந்தப் பொருளும் வாங்க வேண்டாம். விளக்கைக் கழற்றி, பல்ப் துளை, வென்ட், ஒயர் இணைக்கும் கப்ளர் எல்லாவற்றையும் அகலமான டேப்பால் மூடி, ஒரு துளையில் மட்டும் மெல்லிய குழாயைச் செருகி ஓரத்தை டேப் சுற்றவும். பாத்திர சோப்பு ஒரு பங்கு, தண்ணீர் இருபது பங்கு கலந்து கண்ணாடியும் பாடியும் சேரும் பள்ளம் முழுக்கத் தூரிகையால் பூசிவிட்டு வாயால் மெதுவாக ஊதினால் போதும். கசிகிற இடத்தில் நுரை சிறு பூப்போல வளரும். கம்ப்ரஸரைத் தொடவே கூடாது. அந்த அழுத்தத்துக்கு நல்ல சீலும் பிளந்துவிடும்.

நுரை எழும் இடங்களில் முதலிடம் சீல் பள்ளத்தின் கீழ் மூலைகளுக்கு. வெளிச்சந்தை விளக்குகளில் பசை விழும்போது இயந்திரம் தொடங்கி முடிக்கும் இடத்தில் இடைவெளி விட்டுப்போவது சகஜம். அடுத்தது உயரம் திருத்தும் மோட்டாரின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், பல்ப் ஹோல்டர் வாஷர், பம்பரில் பிடிக்கும் காதுகள் பாடியோடு சேரும் இடத்தில் விட்ட விரிசல். விளக்கைச் சூடாக்கி வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்கச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. முதல் சில வினாடி குமிழி வரும், அப்புறம் விளக்கு குளிர்ந்து வாளித் தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும்.

சிலிக்கா ஜெல் பை

அதிகம் விற்பதும் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். விளக்கின் பின்மூடியைத் திறந்து ஐந்தாறு சிறு பைகளை உள்ளே போட்டு மூடினால் தீர்ந்தது என்பார்கள். முதல் வாரம் தீர்ந்ததாகவே தெரியும். சிலிக்கா ஜெல் தன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈரத்தை வசதியாக ஏற்கும். 5 கிராம் பை ஒரு கிராம் நீர். அடைபட்ட காற்றுக்கு அது தாராளம். ஆனால் விளக்கு அடைபட்ட டப்பா அல்ல. தினமும் மூச்சு விடும், தினமும் புதிய ஈரம் வரும், பை நிறைந்துவிடும்.

நிறைந்த பின் நடப்பதுதான் மோசம். சிலிக்கா ஜெல் சூட்டில் ஈரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும் பொருள். 110, 120 டிகிரியில் வைத்து உலர்த்தி அதை மறுபடி பயன்படுத்துவதே அந்தக் குணத்தை நம்பித்தான். ஹாலஜன் பல்புக்குப் பின்னால் கிடக்கும் பை விளக்கு எரியும்போது ஈரத்தைக் கக்கும், அந்த ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் போய்ப் படியும். உலர்த்த வைத்த பொருளே பனிக்குக் காரணமாகிவிடும். பை கிழிந்து மணிகள் ரிஃப்ளெக்டரில் (வெளிச்சத்தை முன்னால் திருப்பும் பளபளப்பான உட்பகுதி) உருண்டால் கீறல் நிச்சயம். வண்டி குலுங்கக் குலுங்க மணிகள் உரசி வரும் வெள்ளைத் தூள் இன்னும் தொல்லை, எடுக்க வழியில்லை.

சில கார் கம்பெனிகள் தங்கள் விளக்கிலேயே உலர்த்தும் பை வைக்கின்றன என்பது உண்மை. அவை சூடு படாத தனி அறையில், நார் உதிராத உறையில், சர்வீஸில் மாற்றத் தக்கபடி வைக்கப்பட்டவை, கூடவே சரியான வென்ட்டும் உண்டு. பொட்டலத்தை மட்டும் நகலெடுத்தால் அந்தப் பலன் வராது.

வாங்குவதானால் பையாக அல்லாமல் மொத்தமாக, மணிகளாக, நிறம் மாறும் வகையாக வாங்குங்கள். உலர்ந்தால் ஆரஞ்சு, நிறைந்தால் பச்சை காட்டும் வகையே நல்லது. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் பழைய வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. அது புற்றுநோய் அபாயமுள்ள பொருள், கையில் எடுத்து அடுப்பில் காயவைக்கும் வேலைக்கு அது வேண்டாம். அந்த மணிகளை விளக்குக்கு வெளியே எப்படிப் பயன்படுத்துவது என்பது அடுத்து வருகிறது.

உலர்த்த எது நல்லது: சூடா, உலர்ந்த காற்றா

பெரும்பாலோர் சூட்டைத்தான் நம்புகிறார்கள். சூடு தண்ணீரை ஆவியாக்கும். ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் விளக்கின் ஏதோ ஒரு குளிர்ந்த மூலையில் மறுபடி தண்ணீராகும். ஹேர் டிரையர் பயன்படுத்தினால் குறைந்த சூட்டில், 15, 20 செ.மீ. தள்ளி, கண்ணாடியின் வெளிப்பக்கம் காட்டி, பின்பக்கத்தில் இரண்டு துளையாவது திறந்து வைக்க வேண்டும். ஹீட் கன்னை உலர்த்தும் வேலைக்கு எடுக்கவே வேண்டாம். பாலிகார்பனேட் 147 டிகிரி அளவில்தான் இளகும், ஆனால் அதன் மேல் பூசிய பாதுகாப்புப் பூச்சும் உள்ளிருக்கும் குரோம் அலங்காரத் துண்டுகளும் அதற்கு வெகு முன்பே நெளிந்துவிடும். உலர்த்துவதற்காக ஓவனில் வைப்பவர்கள் 50, 60 டிகிரியைத் தாண்டக் கூடாது.

வெயில் மோசமில்லை. பின்மூடிகளைக் கழற்றி, துளைகளின் மேல் தூசி புகாத மெல்லிய துணி கட்டி, கண்ணாடிப் பக்கம் வெயில் படும்படி வைத்தால் முழு நாளில் மூட்டம் போகும். குளம் கட்டிய தண்ணீருக்கு இது போதாது.

எல்லாவற்றையும் விடச் சிறந்தது உலர்ந்த காற்றைத் தொடர்ந்து ஓடவிடுவது. மீன் தொட்டிக்கு வைக்கும் ஏர் பம்ப், அதற்குரிய 4 மி.மீ. உள்விட்டக் குழாய், இரண்டு துளையிட்ட மூடியுள்ள கண்ணாடி ஜாடி, அரைக் கிலோ ஆரஞ்சு சிலிக்கா மணிகள், ஒரு சிட்டிகைப் பஞ்சு. பம்ப் காற்றை ஜாடியின் அடிக்குத் தள்ள வேண்டும். ஜாடியின் மேல் துளையிலிருந்து கிளம்பும் குழாய் விளக்குக்குள் போக வேண்டும். அந்தக் குழாய் ஜாடியை விட்டுக் கிளம்பும் இடத்தில் பஞ்சை வைத்தால் மணித்தூள் ரிஃப்ளெக்டருக்குப் போகாது. பஞ்சை மறந்தால் இத்தனை வேலையும் கெட்டுப்போகும்.

உள்ளே தண்ணீர் நின்றால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சின் மூக்கில் மெல்லிய குழாய் மாட்டி உறிஞ்சலாம். விளக்கைக் கவிழ்த்து வடிப்பதானால் தண்ணீர் ரிஃப்ளெக்டர் மேல் ஓடாமல் பாடியின் அடிப்பக்கமாக ஓடும்படி சாய்க்க வேண்டும், இல்லையென்றால் காய்ந்த கோடு அப்படியே நிற்கும். பிறகு உலர் காற்றுக் குழாயை எட்டாத மூலை வரை செருகி, எதிர்ப்பக்கத் துளை ஒன்றை மட்டும் திறந்து வைத்து, பம்ப்பை ஓடவிட வேண்டும்.

எவ்வளவு நேரம் பிடிக்கும்? 3 மி.லி. தண்ணீர் மிச்சம் என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரியில் அதைச் சுமந்து போகக் குறைந்தது 100 லிட்டர் காற்று தேவை. நிமிடத்துக்கு 2 லிட்டர் தள்ளும் பம்ப்புக்கு அது 50 நிமிடம். வெளியேறும் காற்று முழுக்க ஈரம் கோத்துக்கொண்டு வெளியேறுவதில்லை, பிளாஸ்டிக்கும் தன் ஈரத்தைச் சாவகாசமாகத்தான் விடும் என்பதால் ஆறு முதல் எட்டு மணி நேரம் விட்டுவிடுவதே சரி. கண்ணாடியை இளவெயிலில் 40 டிகிரி அளவில் வைத்தால் நேரம் குறையும். எட்டு மணி நேரத்தில் ஓடும் காற்றிலிருந்து ஜாடி பிடிப்பது 20, 25 கிராம் ஈரம். அரைக் கிலோ மணிகள் நான்கு விளக்குக்குத் தாங்கும். பச்சையானதும் தட்டில் பரப்பி 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சு.

வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சுவது நின்ற தண்ணீருக்கு உதவும், மூட்டத்துக்கு உதவாது, திறந்த துளை வழியாகத் தூசியையும் உள்ளே இழுக்கும். ஆல்கஹால் ஊற்றிக் குலுக்கும் வித்தை இணையத்தில் பிரபலம். பல கண்ணாடிகளின் உட்புறம் பனி படியாமலிருக்க ஒரு பூச்சு இருக்கும். ஆல்கஹாலும் சோப்பும் அதைக் கரைத்துவிடும், அதற்குப் பிறகு அந்த விளக்கு முன்னைவிட எளிதாக மங்கும். ரிஃப்ளெக்டரின் அலுமினியப் படலமோ துணி பட்டாலே கீறும் அளவுக்கு மெல்லியது. உள்ளே கையோ துணியோ போகாமல் வேலையை முடிப்பதுதான் எப்போதும் நல்லது.

வென்ட் ஸ்டிக்கர்

சின்ன வெள்ளை வில்லை, பத்து முதல் இருபது மி.மீ. விட்டம், ஓரத்தில் பசை வளையம். நடுவில் இருப்பது நீட்டி விரித்த பிடிஎஃப்இ (டெஃப்லான்) படலம். 1969-ல் அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர் கண்டுபிடித்த அதே பொருள்தான் மழைக்கோட்டுத் துணியிலும் இருக்கிறது. அதன் நுண்துளைகள் வழியே நீராவியும் காற்றும் போகும், நீர்த்துளி போகாது. வெளிச்சந்தை விளக்குக்குச் செய்யக்கூடிய உருப்படியான மேம்பாடு இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் மலிவு விளக்குகளில் இந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு ஸ்பாஞ்சை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். ஸ்பாஞ்ச் தூசியைத் தடுக்கும், தண்ணீர் தெறித்தால் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு சூடு படும்போதெல்லாம் உள்ளே ஆவியாக அனுப்பும்.

ஸ்பாஞ்சையே வென்ட் என்று விற்பவர்களும் உண்டு. சோதிக்க எளிய வழி: வில்லையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு நிற்க வேண்டும், பின்பக்கம் ஈரம் தெரியக் கூடாது. ஸ்ட்ராவின் முனையில் வில்லையை அழுத்திப் பிடித்து ஊதினால் எதிர்ப்போடு கொஞ்சம் காற்று போக வேண்டும். துளிகூடப் போகாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் வட்டம்.

ஒட்டுவதில் எல்லாரும் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. விளக்கின் பின்பாடியைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வகை அச்சாகியிருக்கும். பிபி (PP) என்று தொடங்கினால் அது பாலிபுரொப்பிலின். எந்தப் பசையும் அதில் சரியாகப் பிடிக்காது, முதல் மழைக்கே வில்லை உரிந்துவிடும். அந்த இடத்தை 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பாலிபுரொப்பிலினுக்கென்றே வரும் பிரைமரை மெல்லிசாகப் பூசிக் காயவிட்டு ஒட்ட வேண்டும். இந்த ஆல்கஹால் வெளிப்பக்கத்துக்கு மட்டும். பாடி கெட்டியாக இருந்தால் ஒட்டும் வில்லையை விட, துளையில் அழுத்திச் செருகும் பிளக் வகை வென்ட் மேல், பசையை நம்பி இருக்க வேண்டியதில்லை.

வில்லை 15 மி.மீ. என்றால் துளை 6 மி.மீ. போதும். அதைவிடப் பெரிதானால் பசை வளையத்துக்கு இடம் இருக்காது. துளையிடும் தூள் உள்ளே விழாமல் இருக்க டிரில் முனையில் கிரீஸ் தடவச் சொல்வார்கள். அந்த கிரீஸ் பின்னால் வில்லையில் பட்டால் வில்லை கெட்டது, எண்ணெய் பட்ட படலம் தண்ணீரை உள்ளே விட்டுவிடும். அதற்குப் பதில் துளைக்கும் இடத்தைக் கீழ்நோக்கிப் பிடித்துத் துளைத்தால் தூள் வெளியே விழும். விரலாலும் படலத்தின் நடுவைத் தொடக் கூடாது. ஒட்டிய பின் எஞ்சின் அறைக்கு அடிக்கும் ஸ்ப்ரே, பாலிஷ் எதுவும் அதன்மேல் படக் கூடாது.

ஒரு விளக்குக்கு இரண்டு வென்ட், ஒன்று மேலே, இன்னொன்று எதிர் மூலையில் கீழே. ஒன்றே ஒன்று என்றால் காற்று அதே வழியாகப் போய் அதே வழியாகத் திரும்பும், தூர மூலை ஈரமாகவே நிற்கும். இரண்டுமே பின்பக்கம், சக்கரம் சேறு அடிக்காத இடமாக இருக்க வேண்டும். ரப்பர் மூச்சுக்குழாய் ஏற்கெனவே இருக்கும் விளக்கில் அதன் வாய் கீழ்நோக்கி இருக்கிறதா, சிலந்திக்கூடோ சேறோ அடைத்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அந்தக் குழாய் தனியாகவும் கிடைக்கும், மோசமான பொருள் அல்ல.

எச்சரிக்கை ஒன்று. கசிவுள்ள விளக்கில் வென்ட் ஒட்டிப் பயனில்லை. உள்ளே வரும் தண்ணீரை ஆவியாக்கி அனுப்பிக்கொண்டே இருக்க வில்லையால் முடியாது.

பியூட்டைல் கயிறு

கசிவுக்கு நிரந்தர மருந்து இது. 8 முதல் 10 மி.மீ. தடிமனுள்ள கறுப்புக் கயிறு, ஒரு ஹெட்லைட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். ஒருபோதும் இறுகிக் கல்லாவதில்லை என்பதே இதன் பெருமை. அதிர்வையும் பிளாஸ்டிக் விரிந்து சுருங்குவதையும் கூடவே நெளிந்து தாங்கும், பின்னால் எப்போது வேண்டுமானாலும் சூடாக்கித் திறக்கலாம். நல்ல கயிற்றைக் கிள்ளி இழுத்தால் நூல் நூலாக நீண்டு பிறகுதான் அறும். பிஸ்கட் போல் பொட்டென்று ஒடிவது காய்ந்த சரக்கு, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

திறப்பதற்கு முன் பல்பு, ரப்பர் பூட், எல்இடி டிரைவர், கிளிப், ஸ்க்ரூ எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். ஓவனில் 90 முதல் 100 டிகிரி, எட்டு முதல் பத்து நிமிடம். விளக்கு இரும்புத் தட்டில் நேராக உட்காராமல் மரப்பலகையின் மேல் இருக்க வேண்டும். மேல் கம்பி சிவக்கும் ஓவனானால் முதலில் சூடாக்கி அணைத்துவிட்டு விளக்கை வையுங்கள். சமைக்கிற ஓவன் வேண்டாம். எடுத்ததும் ஒரு மூலையில் பிளாஸ்டிக் நெம்புகோலை விட்டுச் சிறிது சிறிதாகப் பிரித்து, பழைய பசை நூல் இழுத்தால் சூடு ஆறுவதற்குள் கத்தரியால் வெட்டிவிட வேண்டும். அந்த நூல் ரிஃப்ளெக்டரில் பட்டால் கறை போகாது.

பத்து நிமிடத்துக்குப் பின்னும் இம்மியும் அசையாவிட்டால் அது பியூட்டைல் அல்ல, சூட்டுக்கு இளகாத நிரந்தரப் பசை. சூட்டைக் கூட்டிப் பார்க்கும் ஆசைதான் அடுத்து வரும், அதில்தான் விளக்குகள் நெளிகின்றன. நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்பதே நல்லது.

பள்ளத்தில் பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுத்து, பள்ளத்தை மட்டும் ஆல்கஹால் துணியால் துடைத்து, புதுக் கயிற்றை இழுக்காமல் படுக்க வைக்க வேண்டும். இழுத்து வைத்தால் அது சுருங்கி மூலையில் மெலிந்துவிடும். தொடக்கமும் முடிவும் சேரும் இடம் விளக்கின் மேல்பக்கம் இருக்கட்டும், கீழே வேண்டாம். இரு முனையையும் சாய்வாக வெட்டி 10, 15 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பிசைந்துவிட வேண்டும். கண்ணாடியை வைத்து மறுபடி அதே சூட்டில் எட்டு நிமிடம், எடுத்துச் சுற்றிலும் கிளாம்ப் போட்டுக் குளிரவிட்டு ஸ்க்ரூ மாட்டினால் முடிந்தது. பிறகு சோப்பு நுரைச் சோதனை இன்னொரு முறை. மூடுவதற்கு முன் உள்பக்கம் உலர்ந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் பலர் ஈரத்தோடு மூடிவிட்டு அதற்குக் கயிற்றைத் திட்டுகிறார்கள்.

சிலிக்கான் ட்யூப்

காதில் ஒரு விரிசல், மோட்டார் ஓரம் என்று சிறு இடங்களுக்கு மட்டும். மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது ஆகவே ஆகாது. உலரும்போது வரும் அசிட்டிக் அமில ஆவி ரிஃப்ளெக்டரின் அலுமினியத்தைக் கறுக்க வைக்கும். நியூட்ரல் க்யூர் என்று அச்சிட்டது வேண்டும். ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான் உலரும் என்பதால் ஒரு முழு நாள் தண்ணீர் படாமல் வைக்க வேண்டும். பாலிபுரொப்பிலினில் இதுவும் ஒட்டாது. கண்ணாடி ஓரம் முழுக்க வெளியிலிருந்து சிலிக்கான் பூசுவது வீண்வேலை: அழுக்கின் மேல் ஒட்டிய பட்டை ஓரிடத்தில் விடும், அந்தப் பட்டைக்கும் பள்ளத்துக்கும் நடுவே தண்ணீர் சிறைப்படும், பிற்பாடு முறையாகத் திறக்கவும் முடியாது. சூப்பர் குளூவும் கூடாது. அதன் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும்.

அடியில் 3 மி.மீ. துளை போட்டு வடியவிடும் நாட்டு வைத்தியத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: வடியும், தூசியும் வரும், சேற்றுத் தண்ணீரும் வரும், ஒரு வருடத்தில் ரிஃப்ளெக்டர் மங்கும். தூக்கிப்போடப் போகிற விளக்குக்குச் செய்யலாம்.

எல்இடி மாற்றியவர்கள் கவனிக்க

ஹாலஜன் விளக்கில் கண்ணாடி தானாகவே சூடாகி மூட்டம் போய்விடும். எல்இடி பல்பின் சூடு பின்பக்க ஃபேன் வழியாகப் போகிறது, கண்ணாடி குளிர்ந்தே இருக்கிறது. அதனால் அதே விளக்கு, அதே ஈரம், பல்பு மாற்றியதும் மங்குவதாகத் தோன்றும். அதற்கு மேல், ஃபேன் நீளத்துக்கு இடம் போதவில்லை என்று பின்மூடியைக் கழற்றி எறிந்துவிடுவது அல்லது அதில் ஓட்டை போடுவது வழக்கமாகிவிட்டது. சேறும் எஞ்சின் சூடும் நேரே உள்ளே போகின்றன. உயரமான ரப்பர் மூடி தனியாகக் கிடைக்கிறது. விளக்கின் துளை விட்டத்தை அளந்து, அதைவிட ஒன்றிரண்டு மி.மீ. குறைந்த வாயுள்ளதை வாங்கி, ஒயர் போகும் இடத்தில் இறுக்கமான குரோமெட் (ரப்பர் வளையம்) வைத்தால் போதும்.

யாரும் சந்தேகப்படாத இன்னொரு வாசல் ஒயர். முறுக்கிய செம்பு இழைகளுக்கு நடுவே, இன்சுலேஷனுக்கு உள்ளேயே தண்ணீர் ஊர்ந்து வரும். கப்ளர் பக்கம் ஈரமாக இருந்து விளக்கு குளிர்ந்து இழுத்தால், சீல் எல்லாம் சரியாக இருந்தும் உள்ளே சொட்டு விழும். ஏஞ்சல் ஐ (வளைய விளக்கு), டிஆர்எல் (பகல் விளக்கு) சேர்த்த வெளிச்சந்தை விளக்குகளில் இது அதிகம். விளக்குக்குள் நுழையும் முன் ஒவ்வொரு ஒயரிலும் அரை அங்குலம் இன்சுலேஷன் நீக்கி, இழைகளில் ஈயம் முழுக்க ஊறும்படி சால்டர் செய்து, உட்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும்) குழாயை ஏற்றிச் சூடாக்கினால் அந்த வழி அடைபடும். சாதாரண ஹீட் ஷ்ரிங்க் போதாது.

எல்இடி லைட் பார், ஆக்சிலரி விளக்குகளில் ஐபி67 என்ற நீர்ப்புகாத் தர முத்திரையைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் என்பது அந்தச் சோதனை. எரிந்து சூடான அலுமினியப் பாடியில் மழை விழுந்து சட்டென்று குளிர்வதை அது கணக்கில் எடுப்பதில்லை. இவற்றில் பார்க்க வேண்டியவை ரப்பர் வாஷரின் இணைப்பு, ஒயர் நுழையும் இடம், முன் சட்டத்தின் ஸ்க்ரூக்கள் எதிரெதிர் மூலையாகச் சமமாக முறுக்கப்பட்டிருக்கின்றனவா என்பது. பாடியில் மறை போட்ட இடம் இருந்தால் எம்12 திருகு வென்ட் ஒன்றை ஏற்றிவிடலாம்.

டெயில் லைட்டுக்கு இதே பட்டியலைக் கொண்டுபோக வேண்டாம். அதன் சிவப்பு முகம் பெரும்பாலும் அக்ரிலிக், பாடியோடு பசையின்றி உருக்கி ஒட்டப்பட்டது. ஓவன் சூட்டில் பிரியாது, 100 டிகிரி நெருங்கினாலே வளையும். வென்ட் வைக்கலாம், ஹோல்டர் வாஷர் மாற்றலாம், விரிசல் இருந்தால் வேறு விளக்குதான்.

புதிதாக வாங்கிய ஜோடி என்றால் வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே பெட்டியிலிருந்து எடுத்த கையோடு நுரைச் சோதனையைச் செய்துவிடுங்கள். கசிந்தால் கயிறு வாங்கி உட்கார வேண்டாம், அப்படியே திருப்பி அனுப்புங்கள். சீலை ஒருமுறை சூடாக்கித் திறந்த விளக்கை எந்தக் கடைக்காரரும் மாற்றிக் கொடுக்க மாட்டார்.